தலையைக் கழற்றி மேசை மேல் வைத்த மேஜிக்மேன்... யார் இந்த ஜார்ஜ் மெலியெஸ்?

ஒருவர் தன் தலையைக் கழற்றி மேசை மேல் வைக்கிறார். கழுத்தில் புதுத் தலை முளைக்கிறது. அதையும் கழற்றி வைக்கிறார். நடுவில் மேசைக்கு அடியில் தவழ்ந்து போய், எதையும் ஒளித்து வைக்கவில்லை என்று காட்டுகிறார். தலைகள் பாட ஆரம்பிக்க, சத்தம் தாங்காமல் கையில் இருந்த பேஞ்சோவாலேயே இரண்டு தலைகளை அடித்துக் காலி செய்கிறார்.

இது 1898-ல் வந்த படம். எடுத்தவர், நடித்தவர் இரண்டுமே ஜார்ஜ் மெலியெஸ்.

1861-ல் பாரிஸில் பிறந்தவர். அப்பாவுக்கு ஷூ தொழிற்சாலை. மெலியெஸுக்கோ மேஜிக் பைத்தியம். குடும்பத் தொழிலில் தன் பங்கை விற்று, 1888-ல் ராபர்ட் ஹூடின் மேஜிக் தியேட்டரை வாங்கினார்.

1895 டிசம்பரில் லூமியர் சகோதரர்களின் சினிமாவைப் பார்த்தவர், அந்தக் கேமராவை விலைக்குக் கேட்டார். கிடைக்கவில்லை. லண்டனில் ஒரு புரொஜெக்டரை வாங்கி, அதையே கேமராவாக மாற்றினார்!

சரி, இவர் காட்டிய வித்தைகள் நிஜ மேடையில் நடக்குமா? சிலது நடக்கும். நாற்காலியில் உட்கார்ந்த பெண்ணைத் துணியால் மூடி மாயமாக்கும் வித்தை மேடையில் ஏற்கெனவே பிரபலம். நாற்காலிக்குக் கீழே செய்தித்தாள் விரிப்பார்கள். தரையில் கதவு இல்லை என்று நாம் நம்பத்தான் அது. உண்மையில் பெண் இறங்கிப் போவதே அந்தத் தாளுக்குக் கீழே இருக்கும் ரகசியக் கதவு வழியாகத்தான்.

1896-ல் மெலியெஸ் இதைப் படமாக்கியபோது கதவே தேவைப்படவில்லை. கேமராவை நிறுத்துவார். அவர் அசையாமல் நிற்க, பெண் மட்டும் எழுந்து போய்விடுவார். மறுபடி கேமரா ஓடும். பிறகு ஃபிலிமை வெட்டி ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஆனாலும் செய்தித்தாளை மறக்காமல் விரித்தார். மேடைப் பழக்கம் விடுமா? கூடவே, பெண் இருந்த இடத்தில் ஒரு எலும்புக்கூட்டையும் உட்கார வைத்தார். இதை மேடையில் ஒரு நொடியில் செய்வது ரொம்பக் கஷ்டம்.

அதே ஆண்டு வந்த 'பிசாசின் மாளிகை'யில் வௌவால் சாத்தானாக மாறுவதும் இதே டெக்னிக்தான். உலகின் முதல் பேய்ப் படம் என்று பலரும் சொல்வது இதைத்தான். பயத்தைவிட சிரிப்புதான் அதிகம்.

தலை மேட்டர் வேறு. கறுப்புத் துணிக்கு முன்னால் எடுத்தால் அந்த இடம் ஃபிலிமில் பதியாது. அதே ஃபிலிமைத் திரும்ப ஓட்டி, காலி இடத்தில் இன்னொரு தலையைப் பதிவு செய்யலாம். ஒரு தலை பிசகினாலும் முதலில் இருந்து எடுக்க வேண்டும். இதை எந்த மேடையிலும் செய்யவே முடியாது.

1902-ல் 'நிலவுக்குப் பயணம்' சூப்பர் ஹிட். ஆனால் அமெரிக்காவில் திருட்டுப் பிரதிகள் ஓடி, லாபம் வேறு யாருக்கோ போனது. பிறகு கடன். முதல் உலகப்போரில் ராணுவம் இவரது படச்சுருள்களை எடுத்து உருக்கி, ஷூ குதிகால் செய்ததாகச் சொல்லப்படுகிறது. ஷூ வேண்டாம் என்று ஓடி வந்தவருக்கு இப்படி ஒரு முடிவு! மிச்சம் இருந்த நெகட்டிவ்களை 1923-ல் அவரே எரித்தார்.

அதன் பிறகு மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் பொம்மைக் கடை. கூடவே கடையில் இருந்தவர் மனைவி ஜெஹான் தல்சி. அன்று நாற்காலியில் மாயமான அதே பெண்!

1931-ல் பிரான்ஸ் அரசின் உயரிய விருது கிடைத்தது. 1938 ஜனவரி 21-ல் காலமானார். எடுத்த 500-க்கும் மேற்பட்ட படங்களில் இன்று சுமார் 200 மட்டுமே மிச்சம். எலும்புக்கூடு படம் அதில் ஒன்று.