ஒரே குரலில் பல குரல்கள்: மரியா கலாஸின் கலை வாழ்வு

மேற்குலகின் ஒபேரா எனப்படும் இசைநாடகத்தில், பெண் குரல்களுள் மிக உயர்ந்த சுருதியில் பாடுவதைச் சொப்ரானோ என்பர். ஒலிபெருக்கியின் துணையின்றி, பெரும் வாத்தியக் குழுவொன்றின் முழக்கத்தையும் மேவி, அரங்கின் கடைசி வரிசைவரை அக்குரல் சென்றடைய வேண்டும். அந்தச் சொப்ரானோ குரலிலும் பல வகைகள் உண்டு. ஜேர்மனிய இசையமைப்பாளர் வாக்னரின் நாடகங்களுக்குக் கனமும் வலிமையும் மிக்க குரல் வேண்டும். பெல்லினி, டொனிசெட்டி முதலிய இத்தாலியர்களின் படைப்புகளுக்கோ நுண்ணிய சங்கதிகளை விரைவாக உதிர்க்கும் இலகுவான குரல் வேண்டும். ஒன்றில் பயின்றவர் மற்றையதை நாடுவது அரிது. வலிந்து முயன்றால் குரலே கெட்டுவிடும் என்பது அத்துறையினரின் நம்பிக்கை.

1949ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், வெனிஸ் நகரின் லா பெனிச்சே அரங்கில் 25 வயதுப் பெண்ணொருவர் இந்த நம்பிக்கையைத் தகர்த்தார். வாக்னரின் வல்கிரி நாடகத்தில் வீராங்கனை புரூன்ஹில்டவாக அவர் பாடிக்கொண்டிருந்த வேளையில், அடுத்து மேடையேறவிருந்த பெல்லினியின் இ பூரித்தானி நாடகத்தின் கதாநாயகிப் பாடகி நோயுற்றார். இசை நடத்துநர் துல்லியோ செராபின் அந்தப் பாத்திரத்தையும் இவரையே ஏற்குமாறு பணித்தார். முன்பின் பயிலாத அப்பாத்திரத்தை ஒரு வாரத்துக்கும் குறைந்த காலத்தில் மனனம் செய்து, ஜனவரி 19ஆம் திகதி அவர் மேடையேறினார். இத்தாலியே வியந்து திரும்பிப் பார்த்த அந்தப் பாடகிதான் மரியா கலாஸ்.

கிரேக்கத்திலிருந்து குடிபெயர்ந்த மருந்தாளர் ஒருவரின் இளைய மகளாக, 1923 டிசம்பர் 2ஆம் திகதி நியூயோர்க்கில் பிறந்தவர் கலாஸ். சிறு வயது மகனை இழந்திருந்த தாய் ஆண் குழந்தையையே எதிர்பார்த்திருந்தார். மகளின் குரல்வளத்தைக் கண்டுகொண்ட பின்னர் அந்தத் தாயே அவரை இசைப்பயிற்சியில் கடுமையாக ஈடுபடுத்தினார். பெற்ற பாசத்தைவிடப் பெற்ற பயிற்சியே அதிகம் என்ற மனத்தாங்கல் கலாஸை இறுதிவரை விட்டகலவில்லை. தாயுடனான உறவும் பின்னாளில் அடியோடு முறிந்துபோயிற்று.

1937இல் பெற்றோர் பிரிந்தபோது தாய் இரு பெண்களுடனும் ஏதென்ஸ் நகருக்குத் திரும்பினார். அங்குள்ள இசைக் கல்லூரியில் ஸ்பானியப் பாடகி எல்விரா டி இதால்கோ கலாஸின் ஆசானாக வாய்த்தார். தமது பாடம் முடிந்த பின்னரும் வீடு செல்லாது, ஏனைய மாணவர்கள் பாடுவதை நாள் முழுவதும் அமர்ந்து கேட்பது கலாஸின் வழக்கம். கனத்த குரல் கொண்ட மாணவிக்கு இலகுவான குரலுக்குரிய பயிற்சிகளையே ஆசான் தொடர்ந்து அளித்தார். பிற்காலத்துப் பன்முகத்தன்மைக்கான வித்து அங்கேதான் இடப்பட்டது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஏதென்ஸ் அந்நியப் படைகளின் ஆக்கிரமிப்பிலும் பஞ்சத்திலும் சிக்கித் தவித்த நாட்களில் அவர் தேசிய ஒபேராவில் பாடிவந்தார். 1942இல் தோஸ்கா நாடகத்தின் நாயகியாக மேடையேறியபோது அவருக்கு வயது 18 மட்டுமே.

1947 ஓகஸ்டில் இத்தாலியின் வெரோனா திறந்தவெளி அரங்கில் பாடியது அவரது சர்வதேச வாழ்வின் ஆரம்பமாயிற்று. அங்கு சந்தித்த செங்கல் உற்பத்தித் தொழிலதிபர் மெனகினியை 1949இல் மணந்தார். கணவரே அவரது முகாமையாளருமானார். வெனிஸ் வெற்றிக்குப் பின்னர் வாய்ப்புகள் குவிந்தன. 1951 டிசம்பரில் மிலானின் லா ஸ்காலா அரங்கு அவரைக் கொண்டே தனது பருவகாலத்தை ஆரம்பித்தது. 1952இல் லண்டன், 1954இல் சிகாகோ, 1956இல் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் என மூன்று இடங்களிலும் நோர்மா நாடகத்தைக் கொண்டே அவர் அறிமுகமானார்.

கலாஸின் பெருமை பல வகைக் குரல்களில் பாடியமையுடன் முடிந்துவிடுவதில்லை. பல தசாப்தங்களாக மேடை காணாதிருந்த கெருபினியின் மெதேயா, ரோசினியின் ஆர்மிதா, டொனிசெட்டியின் அன்னா பொலேனா போன்ற படைப்புகளுக்கு அவர் மீண்டும் உயிரூட்டினார். வெறும் குரல் வித்தையாகக் கருதப்பட்ட விரைவுச் சங்கதிகளைப் பாத்திரத்தின் துயரமாகவும் சினமாகவும் மாற்றிக் காட்டினார். கடும் கிட்டப்பார்வை காரணமாக மேடையில் இசை நடத்துநரை அவரால் தெளிவாகக் காண இயலாது. ஆதலால் நாடகத்தின் இசை முழுவதையும் மனத்தில் பதித்துக்கொண்டே அவர் மேடையேறினார். 1955இல் இயக்குநர் விஸ்கொன்தியின் நெறியாள்கையில் அவர் நடித்த லா ட்ராவியாட்டா, ஒபேரா மேடையில் நடிப்பின் தரத்தையே உயர்த்தியது எனலாம்.

அவரது குரலை அழகற்றது என்று குறைகூறியோரும் இருந்தனர். அதன் உச்ச சுருதிகள் சில வேளைகளில் நடுங்கியது உண்மையே. 1953, 54ஆம் ஆண்டுகளில் அவர் ஏறத்தாழ 36 கிலோ எடை குறைந்ததே குரல் தளர்ந்தமைக்குக் காரணம் என்பர் சிலர். இளமையில் கனத்த பாத்திரங்களை அளவுக்கு மீறி ஏற்றதே காரணம் என்பர் வேறு சிலர். இவ்விவாதம் இன்றும் ஓயவில்லை.

1958ஆம் ஆண்டு அவருக்குச் சோதனைக் காலமாக அமைந்தது. ஜனவரி 2ஆம் திகதி ரோம் நகரில் இத்தாலிய ஜனாதிபதி முன்னிலையில் நோர்மா மேடையேறியது. தொண்டை நோயால் அவதியுற்ற கலாஸ் முதல் அங்கத்துடன் விலகிக்கொண்டார். அவருக்குப் பதிலாகப் பாட எவரும் ஆயத்தமாக இருக்கவில்லை. நோயை ஆணவம் எனப் பத்திரிகைகள் சித்திரித்தன. நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தபோது ஆண்டுகள் பல கடந்துவிட்டன. அவதூறு பரவிய வேகத்தில் அத்தீர்ப்பு பரவவில்லை. அதே ஆண்டு நவம்பரில் மெட்ரோபொலிட்டன் அரங்கு அவரது ஒப்பந்தத்தை இரத்துச் செய்தது. மக்பெத்தின் கனத்த பாத்திரத்தையும் லா ட்ராவியாட்டாவின் மென்மையான பாத்திரத்தையும் அடுத்தடுத்துப் பாட அவர் மறுத்தமை இதற்கு ஒரு காரணமாகும். வெனிஸில் 25 வயதில் துணிந்து செய்ததன் விலையை 34 வயதில் அவர் அறிந்திருந்தார். தன் குரலின் எல்லையை உணர்ந்து பேசிய கலைஞரை உலகம் பிடிவாதக்காரி என்றே பதிவுசெய்தது.

1959இல் கிரேக்கக் கப்பல் அதிபர் ஒனாசிஸுடன் ஏற்பட்ட நெருக்கத்தால் மணவாழ்வு முறிந்தது. மேடைத் தோற்றங்களும் குறைந்தன. 1965 ஜூலை 5ஆம் திகதி லண்டனில் பாடிய தோஸ்காவே அவரது இறுதி ஒபேராவாகும். 1968இல் ஒனாசிஸ், கொலையுண்ட அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மனைவியை மணந்துகொண்டார். இத்தனைக்கும் மத்தியில் கலையை விட்டுவிடக் கலாஸ் விரும்பவில்லை. 1971, 72ஆம் ஆண்டுகளில் நியூயோர்க் ஜூலியார்ட் கல்லூரியில் இளம் பாடகர்களுக்குப் பயிற்சியளித்தார். 1973இல் ஆரம்பித்த இசைப் பயணம் மறு ஆண்டு நவம்பரில் ஜப்பானின் சப்போரோ நகரில் நிறைவுற்றது. அதன் பின்னர் அவர் மக்கள் முன் பாடவில்லை. 1977 செப்டெம்பர் 16ஆம் திகதி பாரிஸ் இல்லத்தில் மாரடைப்பால் காலமானபோது அவருக்கு வயது 53. அவரது அஸ்தி 1979இல் ஏஜியன் கடலில் தூவப்பட்டது.

1952இல் லண்டன் நோர்மாவில் அவருடன் சிறு பாத்திரமேற்றுப் பாடிய ஜோன் சதர்லாண்ட், பின்னாளில் அவர் திறந்த பாதையிலேயே நடந்து உலகப் புகழ் பெற்றார். நூற்றாண்டை முன்னிட்டு 2023இல் ஏதென்ஸ் நகரில் கலாஸ் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. அவரது குரல் முழு வலிமையுடன் ஒலித்த காலம் ஒரு தசாப்தத்தைச் சற்றுக் கடந்ததே. அந்தக் குரலைக் கொண்டாடிய சமூகமே, அது தளர்ந்த வேளையில் இரக்கமின்றி ஏளனமும் செய்தது. கலைஞனின் உச்சத்துக்குக் கைதட்டுவது எவர்க்கும் எளிது. அவன் இயலாமையை மதிக்கும் பண்பே ஒரு சமூகத்தின் இரசனைக்கு உரைகல் என்பதைக் கலாஸின் வாழ்வு நினைவூட்டி நிற்கின்றது.