திரும்பி வந்த தொண்ணூறு சோடிச் சப்பாத்துகள்

வணிகத்தில் உயர்ந்தோரின் வாழ்க்கை வரலாறுகளில் முதலீடும் இலாபமும் விரிவாகப் பேசப்படுவது வழக்கம். ஆயினும் ஒரு வணிகரின் உண்மையான குணம், விற்ற பொருள் பழுதடைந்து கடை வாசலுக்குத் திரும்பி வரும் நாளிலேயே வெளிப்படுகின்றது. அத்தகையதொரு நாளைச் சந்தித்து, அதிலிருந்தே தமது வாழ்வைக் கட்டியெழுப்பியவர் லியோன் லியோன்வூட் பீன். குளிர்காலத்தில் காடுகளில் அலைவோரின் கால்களை ஈரமின்றி, வெதுவெதுப்பாக வைத்திருப்பது எவ்வாறு என்ற எளிய வினாவுக்கு விடை தேடியவர் அவர். எல்.எல். பீன் என்ற அவரது பெயர் அமெரிக்கா முழுவதும் அறியப்பட்ட வணிகப் பெயராக இன்றும் நிலைத்திருக்கின்றது.

1872 ஆம் ஆண்டு, ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் கனடாவை ஒட்டிக் கிடக்கும் மேய்ன் மாநிலத்தின் கிரீன்வூட் என்ற சிற்றூரில் பீன் பிறந்தார். உடன்பிறந்தோர் பலர் வாழ்ந்த வேளாண் குடும்பம் அது. அவருக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது தந்தையும் தாயும் நான்கு நாள் இடைவெளிக்குள் அடுத்தடுத்துக் காலமாயினர். பிள்ளைகள் உறவினரின் அரவணைப்பில் வளர நேர்ந்தது. சிறுவன் பீன் பண்ணை வேலை செய்தும், பொறி வைத்து விலங்கு பிடித்தும், வேட்டையாடியும் தன் செலவுக்கான பணத்தைத் தானே தேடிக்கொண்டான். காட்டின் மீதான பற்று அந்த வயதிலேயே அவரிடம் வேரூன்றியது. வயது வந்தபின் ஃபிரீபோர்ட் என்ற சிறுநகரில் சகோதரர் ஒருவருடன் சேர்ந்து ஆடைக் கடை நடத்தினார். நாற்பது வயதை நெருங்கும் வரை அவரது வாழ்க்கை ஒரு சாதாரணக் கடைக்காரரின் வாழ்க்கையாகவே கழிந்தது. இலையுதிர்காலம் பிறந்தால் மட்டும் துப்பாக்கியுடன் காட்டுக்குப் புறப்பட்டுவிடுவார்.

அவரது கண்டுபிடிப்பின் பெறுமதியை உணர வேண்டுமாயின், வெப்ப நாட்டில் வாழும் நாம் அந்தக் காட்டின் இயல்பைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். மேய்ன் மாநிலத்தில் மான் வேட்டைக்கு உரிய காலம் நவம்பர் மாதத்தை ஒட்டியது. பகலில் பனி உருகிச் சேறாகும். இரவில் அதே சேறு உறைந்து கட்டியாகும். சதுப்பு நிலங்களும் ஓடைகளும் வீழ்ந்து கிடக்கும் மரங்களும் வழியெங்கும் குறுக்கிடும். வேட்டைக்காரர் பல மணி நேரம் நடப்பார். பின்னர் விலங்கின் வருகைக்காக அசையாது நிற்பார். நடக்கையில் கால் வியர்க்கும். நிற்கையில் அந்த வியர்வையே குளிர்ந்து விரல்களை மரக்கச் செய்யும். ஈரமான பாதம் உலர்ந்த பாதத்தைக் காட்டிலும் மிக விரைவாக வெப்பத்தை இழக்கும். குளிர் மிகுந்தால் விரல்களின் தசையே கெட்டு, அவற்றை வெட்டி அகற்ற நேரிடுவதும் உண்டு. ஆகவே அங்கு பாதணி என்பது அலங்காரப் பொருளன்று. உடலைக் காக்கும் கருவியாகும்.

அக்காலத்தில் வேட்டைக்காரர் முன் இரண்டு தெரிவுகளே இருந்தன. முதலாவது, முழுவதும் தோலாலான கனத்த சப்பாத்து. புதிதாக இருக்கையில் அது கணுக்காலை நன்கு தாங்கும். ஆயின் ஈரப் பனியில் சில மணி நேரம் நடந்தால் தோல் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும்; காய வைத்தால் விறைத்து வெடிக்கும். இரண்டாவது, முழுவதும் இறப்பராலான உயர்ந்த சப்பாத்து. வெளியிலிருந்து நீர் புகாத அதே காரணத்தினால் உள்ளேயிருந்து வியர்வையும் வெளியேறாது. தளர்ந்த அமைப்புடைய அது கணுக்காலைப் பற்றிப் பிடிப்பதுமில்லை. ஒன்று வெளியிலிருந்து நனைத்தது. மற்றொன்று உள்ளிருந்து நனைத்தது.

1911 ஆம் ஆண்டு வேட்டைக்குச் சென்ற பீன் நனைந்து விறைத்த கால்களோடு வீடு திரும்பினார். அந்த வேதனையே அவரைச் சிந்திக்கத் தூண்டியது. நீர் படுவது பெரும்பாலும் பாதத்தைச் சுற்றியுள்ள கீழ்ப்பகுதியில்தான் என்பதை அவர் கவனித்தார். அப்பகுதியை இறப்பராலும், கணுக்காலிலிருந்து மேலெழும் பகுதியை மெல்லிய தோலாலும் அமைத்து இரண்டையும் ஒன்றாகத் தைத்தால் என்ன என்று எண்ணினார். இறப்பர் நீரைத் தடுக்கும், தோல் வியர்வையின் ஈரத்தை ஓரளவு வெளியேற விடும், நாடாவால் இறுக்கும்போது கணுக்காலுக்குப் பிடிப்பும் கிடைக்கும், பாரமும் குறையும். ஊரில் சப்பாத்து தைக்கும் தொழிலாளர் ஒருவரைக் கொண்டு முதற் சோடிகளைத் தைப்பித்து, தாமே அணிந்து காட்டில் நடந்து பார்த்தார். விடை கிடைத்துவிட்டதாக நம்பினார்.

1912 இல் அவர் தொடங்கிய வணிகத்தில் ஒரு புதுமை இருந்தது. வேட்டையாட வெளிமாநிலங்களிலிருந்து மேய்னுக்கு வருவோர் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். அவ்வாறு பெற்றோரின் பெயர்ப்பட்டியலை எடுத்து, அந்த முகவரிகளுக்கு ஒரு துண்டுப்பிரசுரத்தைத் தபாலில் அனுப்பினார். கால்கள் சரிவர உடுத்தப்படாவிடின் வேட்டையில் வெற்றி கிட்டாது என்பதும், மேய்ன் காடுகளில் 18 ஆண்டுகள் நடந்து பழகிய ஒருவரே இச்சப்பாத்தை வடிவமைத்துள்ளார் என்பதும், இது எல்லா வகையிலும் மனநிறைவளிக்கும் என்பதும் அதன் சாரம். இல்லையேல் பணம் திருப்பித் தரப்படும் என்ற உறுதியும் அதில் அடங்கியிருந்தது. நூறு சோடிகளுக்குக் கட்டளைகள் வந்தன. தைத்து அனுப்பினார்.

அடுத்து நிகழ்ந்ததே அவரது வாழ்வின் திருப்புமுனை. அந்நூறில் தொண்ணூறு சோடிகள் திரும்பி வந்தன என்பது அந்நிறுவனம் வழிவழியாகக் கூறிவரும் கணக்கு. சிந்தனையில் தவறிருக்கவில்லை; பொருளில் தவறிருந்தது. இறப்பர் அடிப்பாகம் தோலின் இழுவையைத் தாங்கும் வலிமை பெற்றிருக்கவில்லை. நடக்க நடக்கத் தையல் துளைகள் கிழிந்து, மேற்பாகமும் அடிப்பாகமும் பிரிந்துவிட்டன.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பீனுக்கு அப்போது பெருஞ்செல்வம் இருக்கவில்லை. வாங்கியோர் தொலைவிலுள்ள அந்நியர். மீண்டும் நேரில் சந்திக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. கரடுமுரடான இடத்தில் நடந்ததே கிழிந்ததற்குக் காரணம் என்று கூறி ஒதுங்கியிருக்கலாம். பாதிப் பணம் தருவதாகப் பேரம் பேசியிருக்கலாம். எத்தனையோ கடைகளில் இவையே நடக்கின்றன. பீனோ கடிதத்தில் எழுதிய வார்த்தையைக் கடனாகக் கருதினார். வாங்கிய அனைவருக்கும் பணத்தை முழுமையாகத் திருப்பிக் கொடுத்தார்.

அதனோடு அவர் கடையை மூடிவிட்டு ஒதுங்கவுமில்லை. கடன் வாங்கிக்கொண்டு பொஸ்டன் நகருக்குச் சென்றார். அங்கு யுனைட்டட் ஸ்டேட்ஸ் இறப்பர் கம்பனியை அணுகி, பாரம் குறைந்த, ஆயினும் தையலைத் தாங்கக்கூடிய உறுதியான அடிப்பாகத்தைச் செய்து தருமாறு இணங்கச் செய்தார். திருத்திய சப்பாத்தை மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தார். இம்முறை தையல் நிலைத்தது. கிழிந்து வந்த சப்பாத்துகளே எங்கு கிழிகின்றது, ஏன் கிழிகின்றது என்பதை அவருக்குக் கற்பித்த ஆசான்களாயின. ஒருவகையில், பணத்தைத் திருப்பிக் கொடுத்ததன் மூலம் அவர் அந்தப் பாடத்துக்கான கட்டணத்தையே செலுத்தினார் எனலாம்.

காலமும் அவருக்குத் துணை நின்றது. 1913 ஜனவரி முதலாம் திகதி அமெரிக்காவில் பொதித் தபால் சேவை ஆரம்பிக்கப்பட்டது. சிறுநகர் ஒன்றிலிருந்து நாட்டின் எம்மூலைக்கும் குறைந்த செலவில் பொருள் அனுப்ப வழி பிறந்தது. பீனின் தொழிற்கூடம் ஃபிரீபோர்ட் தபால் நிலையத்துக்கு மேல்மாடியில் அமைந்திருந்தது. அவரது சகோதரர்களில் ஒருவரான கை பீனே அங்கு தபால் அதிபராகவும் இருந்தார். சப்பாத்தைத் தொடர்ந்து காலுறை, மேற்சட்டை, மீன்பிடிக் கருவிகள் எனப் பொருட்கள் பெருகின. 1937 இல் ஆண்டு விற்பனை பத்து இலட்சம் டொலரைத் தாண்டியது. உலகப் பொருளாதார மந்தத்தின் துயரம் முற்றாக நீங்காத ஆண்டுகள் அவை என்பது குறிப்பிடத்தக்கது.

பொருளைத் தாமே பயன்படுத்திப் பார்த்தல், வாங்கியவரின் குறையைச் செவிமடுத்தல் ஆகிய இரண்டும் அவரது வழக்கமாயின. சப்பாத்தின் இறப்பர் அடிப்பாகம் தேய்ந்தால், நன்றாக இருக்கும் தோற் பகுதியை எறிந்துவிடாது புதிய அடிப்பாகம் பொருத்திக் கொடுக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. பொருள் தேய்ந்து தீர்ந்த பின்னரும் வாங்கியவர் மனநிறைவோடு இருந்தாலன்றி விற்பனை முற்றுப்பெற்றதாகத் தாம் கருதுவதில்லை என்பது அவரது கோட்பாடு. வேளை தவறி வரும் வேட்டைக்காரருக்காகக் கடை வாயிலில் இரவு மணி ஒன்றும் இருந்தது. 1951 இல் அந்தக் கடையை ஆண்டின் எல்லா நாட்களிலும் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்து வைக்க அவர் முடிவு செய்தார். அதிகாலைக்கு முன்னரே காட்டுக்குப் புறப்படுவோரின் தேவையை அறிந்தவர் எடுத்த முடிவு அது.

1942 இல் வேட்டை, மீன்பிடி, முகாம் வாழ்க்கை ஆகியவை பற்றி அவர் எழுதிய சிறுநூல் வெளிவந்தது. அலங்காரமற்ற நடையில், அனுபவத்தில் கண்டவற்றை மட்டும் சுருங்கக் கூறும் நூல் அது. இரண்டாம் உலகப் போரின்போது குளிர்ப் பிரதேசங்களில் போரிடும் வீரருக்கான பாதணிகள் குறித்து அமெரிக்கப் படைத்துறையும் அவரது ஆலோசனையைப் பெற்றது. உயர்கல்விப் பட்டம் எதுவும் பெறாத ஒரு கடைக்காரரை வொஷிங்டன் அழைத்தமைக்குக் காரணம் அவரது கால்கள் கற்றிருந்த கல்வியே.

குளிர் நாடுகளுக்குக் குடிபெயர்ந்த உறவினரைக் கொண்டிராத குடும்பங்கள் எம்மிடையே இன்று மிகக் குறைவு. ஆகவே அந்தக் கல்வியின் சாரத்தை இங்கு குறிப்பிடுவதும் பயனுடையதாகும். குளிருக்கான சப்பாத்து இறுக்கமாக இருத்தல் கூடாது. இறுகிய சப்பாத்து இரத்த ஓட்டத்தைத் தடுத்துக் குளிரை மிகுவிக்கும். தடித்த கம்பளிக் காலுறையை அணிந்துகொண்டே அளவு பார்க்க வேண்டும். விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். குதிகால் மட்டும் மேலெழாது நிலைத்திருக்க வேண்டும். வெதுவெதுப்பைத் தருவது சப்பாத்தின் பாரமன்று. காலுறையின் இழைகளுக்கிடையே தங்கும் காற்றேயாகும். கம்பளி ஈரத்திலும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும். பருத்தி நனைந்தால் அந்தப் பண்பை இழந்துவிடும். பாதணியின் பாரம் ஒவ்வோர் அடியிலும் தூக்கப்பட வேண்டியதாகையால், இலேசான சப்பாத்தே நெடுந்தொலைவு நடப்போருக்கு உகந்தது.

முதுமையில் அவரது காது மந்தமாகியது; குரல் மட்டும் உரத்தே ஒலித்தது. வணிகத்தை மேலும் பெருக்குமாறு பிறர் வற்புறுத்தியபோது, நாளொன்றுக்கு மூன்று வேளை உண்கின்ற தமக்கு நான்காவது வேளை உண்ண இயலாது என்று கூறி மறுத்துவிட்டார். இந்தப் போதுமென்ற மனம் போற்றத்தக்கது. எனினும் அதன் மறுபக்கமாக, அவரது இறுதி ஆண்டுகளில் நிறுவனமும் அவரோடு சேர்ந்து முதுமையடைந்து தேங்கி நின்றது என்பதையும் மறைப்பதற்கில்லை. 1967 பெப்ரவரி 5 ஆம் திகதி புளோரிடா மாநிலத்தில் தமது 94 ஆவது வயதில் அவர் காலமானார். பேரன் லியோன் கோர்மன் பொறுப்பேற்று அந்நிறுவனத்தைப் பன்மடங்கு வளர்த்தெடுத்தார்.

அவரது உறுதிமொழி அவருக்குப் பின்னரும் அரை நூற்றாண்டுக்கு மேலாக நின்றது. ஆயின் 2018 இல் அந்நிறுவனம் கால வரையறையின்றிப் பொருளைத் திரும்பப் பெறும் முறையைக் கைவிட்டு, ஓராண்டு எல்லையை விதித்தது. பல்லாண்டு அணிந்து தேய்ந்தவற்றையும், பழைய பொருள் விற்பனையில் மலிவாகப் பெற்றவற்றையும் கொண்டுவந்து புதியன கேட்போர் பெருகியமையே அதற்குக் கூறப்பட்ட காரணம். விற்பவரின் நேர்மைக்கு வாங்குபவரின் நேர்மையும் ஈடு கொடுக்காவிடின் நல்ல வழக்கங்கள் நிலைப்பதில்லை என்ற கசப்பான உண்மையை இது உணர்த்துகின்றது.

பிறர் பொருளையும் தம் பொருள் போல் பேணுவதே வணிகம் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. விற்ற பொருளை, வாங்கியவர் வருந்தி வரும்போது மனமுவந்து மீளப் பெறுவதை இஸ்லாமிய மரபு இகாலா எனப் பெயரிட்டு, இறைவனின் மன்னிப்பைப் பெற்றுத் தரும் நற்செயலாகப் போற்றுகின்றது. இவ்விரு நெறிகளையும் அறிந்திராத தொலைதூரச் சிறுநகர்க் கடைக்காரர் ஒருவர், தொண்ணூறு கிழிந்த சோடிகளின் முன்னே நின்றபோது அவற்றின்படியே நடந்தார். விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்ற அறிவித்தலைச் சுவரில் காணும்போதெல்லாம் நாம் அவரை நினைத்துக்கொள்ளலாம். அந்த அறிவித்தல் ஒரு கடையைச் சிறிய இழப்பிலிருந்து காக்கக்கூடும். ஆனால், தையல் எங்கே கிழிகின்றது என்பதை அறியும் வாய்ப்பையும் அதுவே இல்லாமற் செய்துவிடுகின்றது.