பேய்க்கதைப் போட்டியும் பெயரில்லாத குழந்தையும்: ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ எழுதிய மேரி ஷெல்லியின் கதை

ஃபிராங்கன்ஸ்டைன் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? தட்டையான தலை, கழுத்தின் இரண்டு பக்கமும் போல்ட்டு. அது 1931-இல் வந்த ஹாலிவுட் படத்தின் உருவம். நாவலில் அந்தப் போல்ட்டெல்லாம் கிடையாது. அதோடு, ஃபிராங்கன்ஸ்டைன் என்பது அந்தப் பூதத்தின் பெயரே இல்லை. அதை உருவாக்கிய விக்டர் என்ற இளைஞனின் குடும்பப் பெயர். பூதத்துக்குக் கடைசிவரை பெயர் வைக்கப்படவில்லை. இதை மட்டும் கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க.

நாவலை எழுதிய மேரி, 1797 ஆகஸ்ட் 30 அன்று லண்டனில் பிறந்தார். அம்மா மேரி வோல்ஸ்டன்கிராஃப்ட், பெண் உரிமைக்காக எழுதிய முன்னோடி. பிரசவத்தில் நஞ்சு முழுதாக வெளியேறவில்லை. மருத்துவர் கையாலேயே அகற்றினார். கிருமித்தொற்று பற்றி மருத்துவ உலகம் அறியாத காலம் அது. ஜன்னி கண்டு, செப்டம்பர் 10 அன்று அம்மா இறந்துபோனார். வளர்ந்த பிறகு மேரி புத்தகத்தோடு போய் உட்கார்ந்த இடம், அம்மாவின் கல்லறை.

16 வயதில், ஏற்கெனவே திருமணமான கவிஞர் பெர்சி ஷெல்லியோடு வீட்டை விட்டுப் போனார். திருமணம் என்ற ஏற்பாட்டையே விமர்சித்து எழுதியவர் அப்பா வில்லியம் காட்வின். சொந்த மகள் விஷயம்னு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். பெர்சியிடம் பணம் கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை!

1815 பிப்ரவரியில் மேரிக்குக் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை. இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. சில நாள் கழித்து மேரி ஒரு கனவை நாட்குறிப்பில் எழுதினார். குழந்தை சாகவில்லையாம், குளிரில் விறைத்துத்தான் போயிருந்ததாம். கணப்புக்கு முன்னால் வைத்துத் தேய்த்ததும் உயிர் வந்துவிட்டதாம். விழித்துப் பார்த்தால் குழந்தை இல்லை. அப்போது அவருக்கு வயது 17.

அடுத்த வருஷம் ஜெனீவா ஏரிக்கரை. இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை 1815-இல் வெடித்துக் கிளப்பிய தூசியால் ஐரோப்பாவில் அந்த வருஷம் கோடையே இல்லை. ஓயாத மழை. வீட்டுக்குள் அடைந்து கிடந்த நண்பர்களிடம், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் கவிஞர் பைரன். பல நாள் மேரிக்கு எதுவும் தோன்றவில்லை. பிறகு ஓர் இரவு, தான் செய்த உருவம் அசைவதைப் பார்த்து நடுங்கும் மாணவன் ஒருவன் அவர் மனக்கண்ணில் வந்தான்.

இப்போ அந்தக் கனவையும் நாவலையும் பக்கத்தில் வச்சுப் பாருங்க. விக்டர் படிக்கக் கிளம்பும் முன் அவன் அம்மா காய்ச்சலில் இறக்கிறார். பிறகு அவன் சவத்துண்டுகளைச் சேர்த்து உயிர் கொடுக்கிறான். இறந்தது எழுந்துவிட்டது, மேரி கேட்ட வரம் கிடைத்துவிட்டது. ஆனால் அது கண் திறந்ததும் அவன் ஓடிவிடுகிறான். அன்றிரவு அவன் கனவில் வருவது அம்மாவின் பிணம். பூதம் கொடூரமாவது அதற்குப் பிறகுதான், போகிற இடமெல்லாம் விரட்டப்பட்ட பிறகு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்ட இடம் வேறு. பூதம் முதலில் கொல்வது ஒரு சின்னப் பையனை. அவன் பெயர் வில்லியம். இதை எழுதும்போது மேரியின் கைக்குழந்தையின் பெயரும் வில்லியம்தான்.

1818 ஜனவரி 1 அன்று நாவல் வெளியானது. அச்சிட்டது 500 பிரதிகள், அட்டையில் எழுதியவர் பெயர் இல்லை. முன்னுரை பெர்சி எழுதியது என்பதால், நாவலே அவருடையதுதான் என்று பலர் நினைத்தார்கள்.

அதே செப்டம்பரில் வெனிஸில் ஒரு வயது மகள் கிளாரா இறந்தாள். 1819 ஜூனில் ரோமில் வில்லியம் காய்ச்சலில் போனான். 1822-இல் பெர்சி இத்தாலியக் கடலில் மூழ்கினார். 24 வயதில் மேரியிடம் மிஞ்சியது ஒரே மகன். பேனாதான் சோறு போட்டது. 1826-இல் அவர் எழுதிய இன்னொரு நாவலில், கொள்ளைநோயில் உலகமே அழிந்து ஒரே ஒருவன் மட்டும் எஞ்சுகிறான்.

1851-இல் மேரி இறந்தார். பிறகு அவருடைய எழுதுபெட்டியைத் திறந்தார்கள். உள்ளே இறந்த குழந்தைகளின் முடிக்கற்றைகளும், பட்டுத்துணியில் பொதிந்த பெர்சியின் சாம்பலும் இருந்தன.