தத்துவ போதகர் காட்டிய வழி



நாம் ஒன்று சொல்ல, கேட்பவர் வேறொன்றாகப் புரிந்துகொள்வது உண்டு. இதற்குக் காரணம் தேடியவர் இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி. 1577ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்த அவர், 1606இல் மதுரைக்கு வந்தார். பல ஆண்டுகள் மறைப்பணி நடந்தும் அங்கே புதிதாக எவரும் மனந்திரும்பவில்லை. காரணத்தை ஆராய்ந்தார். பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்றே மக்களிடம் கேட்கப்பட்டு வந்தது. பரங்கி என்றாலே அன்று இழிவு. கிறிஸ்துவைப் பற்றிக் கேட்குமுன்னரே மக்கள் விலகிப் போனார்கள்.

அவர் தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். பள்ளி ஆசிரியர் ஒருவரோடு சுமார் 20 நாள்கள், தினமும் நான்கைந்து மணி நேரம் உரையாடினார். படைப்பு, மறுபிறவி பற்றிய ஐயங்களுக்குக் காரணம் காட்டி விடை சொன்னார். ஆசிரியர் திருமுழுக்குப் பெற்றார்.

பூணூல், குடுமி போன்ற வழக்கங்களை அனுமதித்ததற்காகத் தம் சபையினர் சிலரே குற்றம் சாட்டியபோது, நியாயங்களை எழுதி விளக்கினார். 1623இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரி அவற்றுக்கு இசைவு தந்தார். சாதி வேற்றுமைக்கு அவர் இடம் கொடுத்ததை நாம் இன்று கேள்வி கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும்.

1656இல் அவர் இறந்தது நம் மயிலாப்பூரில். மீஞ்சூரிலும் பழவேற்காட்டுக் குப்பங்களிலும் பாடு பிரிக்கும் பேச்சானாலும், கைப்பேசியில் வந்த செய்தியானாலும், வாய் திறக்குமுன் இரண்டைக் கேட்போம்: இது உண்மையா? கேட்பவருக்கு இது எப்படிப் படும்? பகுத்தறியும் அறிவும் இறைவன் தந்த கொடையே. அதை நன்கு பயன்படுத்த வரம் வேண்டுவோம்.