'லிங்கர் எரர்' வருதா? 1952-லேயே அதோடு மல்லுக்கட்டிய கிரேஸ் ஹாப்பர்... யார் இவர்?

கொல்லிமலை ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். அடிவாரத்தில் புதுசா ஒரு வளைவைச் சேர்த்தால், மேலே இருக்கும் அத்தனை போர்டையும் மாத்தணும். கம்ப்யூட்டரில் கிரேஸ் ஹாப்பருக்கு வந்த சிக்கலும் கிட்டத்தட்ட இதுதான்.

1906-ல் நியூயார்க்கில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து, ஹார்வர்டு மார்க் 1 கணினிக்கு புரோகிராம் எழுதினார். (கணினிக்குள் அந்துப்பூச்சி சிக்கிய கதையில் வருபவரும் இவர்தான். ஆனா அதைப் பிடித்தது இவரில்லை!)

அப்போதெல்லாம் ஒருவர் எழுதிய புரோகிராம் துண்டை இன்னொருவர் கையால் காப்பி எடுத்து, அதிலுள்ள முகவரி எண்களைக் கூட்டி மாற்றணும். காப்பியிலும் தப்பு, கூட்டலிலும் தப்பு. அந்த வேலையை யூனிவாக் கணினியிடமே ஒப்படைத்தார் ஹாப்பர். 1952-ல் தயாரான ஏ-0 கம்பைலர், டேப்பில் இருந்த துண்டுகளை எடுத்து, முகவரியைத் திருத்தி, ஒன்றாகக் கோத்தது. இன்றைய கணக்கில் அது லிங்கர் வேலை.

சரி, இன்னும் வந்தே சேராத துண்டுக்குத் தாவச் சொன்னால்? நினைவகத்தில் இடமோ 1,000 சொற்களுக்குத்தான். இங்கே கைகொடுத்தது அவர் பாஸ்கெட்பால் ஆடிய அனுபவம். பந்தைச் சக வீராங்கனையிடம் கொடுத்துவிட்டு, முன்னே ஓடிப்போய் திரும்ப வாங்கிக்கொள்ளும் உத்தி. அதேபோல நினைவகத்தில் ஒரு மூலையை ஒதுக்கினார். தாவல் முதலில் அங்கே போகும். துண்டு வந்ததும் அதன் முகவரி அங்கே எழுதப்படும். அந்த முகவரி கடைசிவரை கிடைக்கலைன்னா? அதைத்தான் இன்றைய லிங்கர் 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்' என்கிறது.

அடுத்து இவரது ஃப்ளோ-மேட்டிக் மொழியை அடியொற்றி கோபோல் வந்தது. 1960 டிசம்பரில் ஒரே கோபோல் புரோகிராம், ஆர்சிஏ 501, யூனிவாக் 2 என இரு வேறு கணினிகளில் ஓடியது. 1986-ல், 79 வயதில், ரியர் அட்மிரலாக ஓய்வுபெற்ற ஹாப்பர், 1992 ஜனவரி 1-ம் தேதி காலமானார்.