பைண்டிங் கடையில் ஆரம்பித்த படிப்பு

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் சங்கத்திலிருந்து போன் வந்தபோது, ஹாஸ்டல் நினைவுகளை எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மெஸ் சாம்பார், செமஸ்டருக்கு முதல் நாள் ராத்திரி ஜெராக்ஸ் கடை வாசலில் நின்ற கூட்டம், வைவாவில் முழித்த முழி எல்லாவற்றையும் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதனால் கொஞ்ச நாளாக மனசை அரித்துக்கொண்டிருந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் எனக்குக் கைகொடுத்த ஒரு பெரியவரின் கதையைச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

நான் எலெக்ட்ரிகல் படித்தவன். முதல் வகுப்பில் தேறியவன். இப்போது ஒரு தொழிற்சாலையில் மின் பராமரிப்பைப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐ.டி.ஐ. முடித்துவிட்டுப் பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி டிரான்ஸ்பார்மரைப் பார்த்துக்கொண்டே என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். இரண்டு சுற்றுக்கும் நடுவில் ஒயரே இல்லையே சார், இந்தப் பக்கத்துக் கரண்ட் அந்தப் பக்கம் எப்படிப் போகிறது என்றான். நான் சூத்திரத்தைச் சொன்னேன். அவன் மரியாதையாகத் தலையாட்டினான். அவனுக்குப் புரியவில்லை என்பது தெரிந்தது. எனக்கே புரியவில்லை என்பதும் அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது.

பரீட்சைக்கு முதல் நாள் படித்து, மறுநாள் எழுதி, அதற்கு மறுநாள் மறந்த படிப்பு நம்மில் பலருடையது. அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து யோசித்தால் இயற்பியல் மட்டுமில்லை, சரித்திரம், இலக்கியம், பொருளாதாரம் எதைத் தொட்டாலும் ஓட்டை. ஆவேசத்தில் ஏழெட்டுத் தடிப் புத்தகங்கள் வாங்கினேன். எதுவும் முப்பது பக்கத்தைத் தாண்டவில்லை. எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. அப்படி முழித்துக்கொண்டிருந்த நாளில்தான் மைக்கேல் ஃபாரடேயின் வாழ்க்கை வரலாறு கையில் கிடைத்தது. நம் டிரான்ஸ்பார்மருக்கும் ஜெனரேட்டருக்கும் மூலவர் அவர்தானே!

ஃபாரடே 1791 செப்டம்பர் 22 அன்று, லண்டனுக்குத் தெற்கே நியூவிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் பிறந்தார். அப்பா கொல்லர், அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகிறவர். வீட்டில் நாலு பிள்ளைகள், இவர் மூன்றாமவர். 1801-ல் தானிய விலை ஏறிய சமயம், ஒன்பது வயதுப் பையனான மைக்கேலுக்கு ஒரு ரொட்டியைக் கொடுத்து, ஒரு வாரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்வார்களாம். பள்ளிக்கூடத்தில் கற்றது எழுத்து, வாசிப்பு, கொஞ்சம் கணக்கு. அதோடு சரி.

1804-ல், பதின்மூன்று வயதில், ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் செய்தித்தாளை வாடகைக்கு வாங்கிப் படிப்பவர்கள் உண்டு. அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, திரும்ப வாங்கி வருவதுதான் பையனின் வேலை. அடுத்த வருஷமே ரீபோ, பணம் எதுவும் வாங்காமல், பைண்டிங் தொழில் கற்றுக்கொள்ள அவனை ஏழு வருஷப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார். தொழில் கற்பிக்க முதலாளிக்குப் பணம் கட்ட வேண்டிய காலம் அது என்பதை நினைத்தால், ரீபோவின் பெரிய மனசு புரியும்.

இப்போது அந்தப் பையனின் நிலைமையைப் பாருங்கள். சுற்றிலும் புத்தகங்கள். கையில் பசை. எதை வேண்டுமானாலும் படிக்கலாம், முதலாளி தடுக்க மாட்டார். ஆனால் இதைப் படி, அதை விடு என்று சொல்ல ஓர் ஆள் கிடையாது. பைண்டிங்குக்கு எது வந்ததோ, அதுதான் பாடத்திட்டம்! அராபிய இரவுக் கதைகளும் வரும், கலைக்களஞ்சியமும் வரும். அந்த வயதில் இரண்டையும் ஒரே மாதிரி நம்பியதாகப் பிற்காலத்தில் அவரே ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அந்தக் குவியலுக்குள் மூன்று எழுத்துக்கள் அவரைப் பிடித்துக்கொண்டன. ஒன்று, பைண்டிங்குக்கு வந்த பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை. இரண்டாவது, ஜேன் மார்செட் என்ற பெண்மணி 1806-ல் தன் பெயரைப் போடாமல் வெளியிட்ட வேதியியல் உரையாடல்கள் புத்தகம். மூன்றாவது, ஐசக் வாட்ஸ் 1741-ல் எழுதிய, மனத்தை மேம்படுத்துவது பற்றிய நூல்.

மார்செட் அம்மையாரின் புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவியின் வேதியியல் சொற்பொழிவுகளுக்குப் போனார். முதலில் ஒன்றும் சரியாகப் பிடிபடவில்லை. ஒரு நண்பரோடு உட்கார்ந்து பேசிப் பேசித் தெளிந்த பிறகுதான் விளங்கியது. அப்படியானால் தன்னைப் போன்ற மற்றவர்களுக்கும் பேச்சு நடையிலேயே எழுதலாமே என்று, ஓர் ஆசிரியை இரண்டு மாணவிகளோடு பேசுவது போல அந்தப் புத்தகத்தை எழுதினார். புரியாமல் தவித்த ஒருவர், புரியாமல் தவிப்பவர்களுக்காக எழுதியது. அதனால்தான் அது ஒரு பைண்டிங் கடைப் பையனுக்கும் போய்ச் சேர்ந்தது.

சேர்ந்ததை அவன் சும்மா நம்பிவிடவும் இல்லை. புத்தகத்தில் சொன்னதைத் தன்னால் முடிந்த சின்னச் சின்னச் சோதனைகளால் சரிபார்த்தான். சரியாக வந்தபோதுதான் வேதியியலில் தனக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது என்று ஃபாரடே பிற்காலத்தில் எழுதினார். உலகப் புகழ் பெற்ற பிறகும் தன் ஆராய்ச்சிக் கட்டுரைகளை மார்செட் அம்மையாருக்கு அனுப்பிவந்தார்.

வாட்ஸின் புத்தகம் வேறு வகை. எதைப் படிப்பது என்பதைவிட எப்படிக் கற்பது என்று அது சொல்கிறது. அறிவை வளர்க்க அவர் சொல்லும் வழிகள் ஐந்து: கவனித்துப் பார்த்தல், வாசித்தல், பாடம் கேட்டல், பிறரோடு பேசுதல், தனியே சிந்தித்தல். நம்மில் பலர் இப்படிப்பட்ட புத்தகத்தை வாசித்து, அடடா என்று சொல்லி, மூடி வைத்துவிடுவோம். ஃபாரடே அதை வேலைப் பட்டியல் மாதிரி எடுத்துக்கொண்டார். படித்ததைக் குறித்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். 1810 முதல் ஜான் டேட்டம் என்பவர் வீட்டில் நடந்த விஞ்ஞானச் சொற்பொழிவுகளுக்குப் போனார். கட்டணம் தலைக்கு ஒரு ஷில்லிங். அதைக் கொடுத்தது கொல்லர் வேலை பார்த்த அண்ணன் ராபர்ட். அந்த வருஷம்தான் அப்பாவும் இறந்துபோனார். அந்த வீட்டில் ஒரு ஷில்லிங் என்றால் என்ன என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. தம்பியைப் படிக்க வைத்த அண்ணன்மார் நம் கல்லூரி வரலாற்றிலும் நிறைய உண்டு.

சொற்பொழிவில் பார்த்த கருவிகளை வரைய வேண்டும், வரையத் தெரியாது. ரீபோ வீட்டில் குடியிருந்த ஒரு பிரெஞ்சு ஓவியரிடம் அதையும் கற்றுக்கொண்டார். எழுத்து நடை சரியில்லை என்று தோன்றியது. நன்றாகப் படித்த பெஞ்சமின் ஆபட் என்ற நண்பருக்கு 1812 முதல் நீண்ட கடிதங்கள் எழுதிப் பழகினார். ஆரம்பக் கடிதம் ஒன்றில் தான் செய்த பாட்டரியைப் பற்றி ஒரே குதூகலமாக எழுதியிருக்கிறார். அரைப் பென்னிக் காசு அளவில் ஏழு ஜோடித் தகடுகள், நடுவில் உப்புத் தண்ணீரில் நனைத்த காகிதம். அவ்வளவுதான் ஆய்வுக்கூடம்!

1812-ல் கடைக்கு வந்த வில்லியம் டான்ஸ் என்ற வாடிக்கையாளர், டேவியின் சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார. நாலு சொற்பொழிவுகள். மேல்மாடத்தில் கடிகாரத்துக்கு மேலே உட்கார்ந்து குறிப்பெடுத்தார். வீட்டுக்கு வந்து விரிவாக எழுதி, படங்கள் வரைந்து, முந்நூறு பக்கத்துக்குக் குறையாத புத்தகமாக்கி, தன் கையாலேயே பைண்டும் செய்தார்.

அதற்குப் பிறகும் கதவு உடனே திறந்துவிடவில்லை. ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு, விஞ்ஞானத்தில் எந்தக் கீழ்நிலை வேலையானாலும் சரி என்று எழுதிப் போட்டார். பதில் கிடைக்கவில்லை. பயிற்சிக் காலம் முடிந்து வேறொரு முதலாளியிடம் பைண்டராகச் சேர்ந்தார். அவர் முன்கோபி. கடைசியில் அந்த வருஷ டிசம்பரில் டேவிக்கே கடிதம் எழுதி, தான் பைண்டு செய்த குறிப்புப் புத்தகத்தையும் சேர்த்து அனுப்பினார். டேவி கூப்பிட்டு அன்பாகப் பேசினார், ஆனால் பைண்டிங் தொழிலை விட வேண்டாம் என்று புத்தி சொல்லி அனுப்பினார். சில வாரங்களில் டேவியின் உதவியாளர் ஒரு சண்டையில் வேலை இழந்தார். 1813 மார்ச் 1 அன்று அந்த இடம் ஃபாரடேக்குக் கிடைத்தது. வாரம் 25 ஷில்லிங், மாடியில் இரண்டு அறை.

வேலை கிடைத்ததும் படிப்பு முடிந்துவிட்டதா? நம்மில் பலருக்கு அங்கேதானே முடிகிறது. அவர் 1818-ல் பேச்சுக்கலை வகுப்புக்குப் போனார். 1821-ல் மின்சாரத்தால் ஒரு கம்பியைக் காந்தத்தைச் சுற்றி ஓட வைத்தார். இன்றைய மோட்டாருக்கு அதுதான் வித்து. 1831 ஆகஸ்ட் 29 அன்று ஆறு அங்குல விட்டமுள்ள இரும்பு வளையத்தில் இரண்டு பக்கமும் கம்பி சுற்றி, ஒரு பக்கம் பாட்டரியை இணைத்தார். மறு பக்கத்தில் காந்த ஊசி ஒரு துள்ளு துள்ளி அடங்கியது. இணைப்பை எடுத்தபோது மறுபடி துள்ளியது. கரண்ட் சீராக ஓடும்போது ஊசி அசையவே இல்லை. மாறும்போது மட்டும்தான்! அந்த ஐ.டி.ஐ. தம்பியின் கேள்விக்கு விடை இதிலேதான் இருந்தது.

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவர் கூசவில்லை. மின்பகுப்பில் புதிய சொற்கள் தேவைப்பட்டன. கிரேக்கம் இவருக்குத் தெரியாது. மொழி தெரிந்தவர்களைக் கேட்டார். ஆனோடு, கேதோடு, அயனி போன்ற சொற்கள் 1834-ல் கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல் யோசித்துக் கொடுத்தவை. கணிதமும் அப்படியே. உயர்கணிதம் அவருக்குக் கடைசிவரை எட்டவில்லை. 1857-ல், 66 வயதில், இளைஞரான ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்லுக்கு எழுதிய கடிதத்தில், கணித வழியாகக் கண்ட முடிவுகளைச் சாதாரண மொழியிலும் சொல்லக் கூடாதா, எங்களைப் போன்றவர்களும் அதை வைத்துச் சோதனை செய்யலாமே என்று கேட்டார்.

அந்த மாக்ஸ்வெல் யார்? 1854-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றவர். மின்சாரத்தைப் படிக்க வேண்டும் என்று வந்தபோது, அவருக்கும் எங்கே ஆரம்பிப்பது என்ற கேள்வி வந்திருக்கிறது. ஃபாரடேயின் சோதனை நூலை முழுக்கப் படிக்கும்வரை அந்தத் துறையில் கணிதம் எதையும் வாசிப்பதில்லை என்று முடிவு செய்ததாக, 1873-ல் வெளிவந்த தன் பெரிய நூலின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பள்ளிப் படிப்பே சரியாக இல்லாதவர் எழுதியதில் போய், அத்தனை படித்தவர் ஆரம்பித்திருக்கிறார்.

ஃபாரடே குழந்தைகளுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை 19 முறை நடத்தினார். மெழுகுவர்த்தியைப் பற்றி அவர் பேசியவை 1861-ல் புத்தகமாக வந்தன. சர் பட்டம் வேண்டாம் என்றார், ராயல் சொசைட்டித் தலைவர் பதவியும் வேண்டாம் என்றார். 1867 ஆகஸ்ட் 25 அன்று காலமானார். அவருடைய சோதனைக் குறிப்பேட்டில் எண் போட்ட பத்திகளே பதினாறாயிரத்துக்கு மேல். அவற்றையும் அவரே பைண்டு செய்துகொண்டார்.

இனி என் கதை. தடிப் புத்தகங்களை ஓரமாக வைத்துவிட்டு, அக்கா மகளின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை வாங்கி வந்தேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அவள் சிரித்தாள். ஆனால் முப்பது பக்கத்தைத் தாண்டினேன், முடித்தும் விட்டேன். அடுத்து மெழுகுவர்த்திப் புத்தகம். அப்புறம் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், அந்தத் தம்பியையும் கூட்டிக்கொண்டு, ஒரு இரும்பு வளையத்தில் இரண்டு பக்கமும் எனாமல் கம்பியைச் சுற்றி, ஒரு சாதாரண பாட்டரி செல்லையும் ஒரு கால்வனாமீட்டரையும் மாட்டினோம். முள் துள்ளியது. செல்லை எடுத்தான், எதிர்ப்பக்கம் துள்ளியது. பத்துப் பதினைந்து தடவை செய்து பார்த்துவிட்டு, அப்போ கரண்ட் போவதில்லை சார், மாறுவதுதான் அந்தப் பக்கம் போகிறது என்று அவனே சொன்னான். நான் சூத்திரத்தில் சொன்னதைவிட அது எவ்வளவோ மேல்.

அந்தத் தம்பி இப்போது வேறு ஊரில் நிரந்தர வேலையில் இருக்கிறான். வளையம் என் மேஜையில் இருக்கிறது. சரித்திரத்துக்கும் இலக்கியத்துக்கும் இன்னும் நல்ல வாசல் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். உங்களில் யாருக்காவது அப்படி ஒரு புத்தகம் கைகொடுத்திருந்தால், நாம் சந்திக்கும்போது மறக்காமல் சொல்லுங்கள். பள்ளிக்கூடப் புத்தகமாக இருந்தாலும் பரவாயில்லை.