வத்தலக்குண்டு ஈந்த சொல்வீரர்

திண்டுக்கல் நகருக்குத் தென்மேற்கே, கொடைக்கானல் மலைக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ளது வத்தலக்குண்டு. கமலாம்பாள் சரித்திரம் இயற்றிய ராஜமையரைத் தந்த அவ்வூரிலேயே 1884ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் சுப்பிரமணிய சிவா தோன்றினார். இளமையில் அவரை வறுமை ஊரூராக அலைக்கழித்தது. திருவனந்தபுரத்தில் தேசாபிமானப் பிரசங்கங்கள் செய்யத் தலைப்பட்டவரை அச்சமஸ்தானத்தார் வெளியேற்றினர்.

அக்காலத்து அரசியற் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில், மண்டபத்துள், கற்றவர் கற்றவருக்கு உரைப்பதாக இருந்தது. உழவனும் கூலியாளும் அதனைக் கேட்டாரில்லை. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி வந்துசேர்ந்த சிவா, வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களுடன் கூடிக் கடற்கரை மணலில் நின்று தமிழிற் பேசினார். வந்தே மாதரம் என்னும் கோஷமோ வங்கத்தினின்று வந்தது; சொல்லோ வடசொல். கோரல் மில் தொழிலாளிக்கு அதன் பொருளைப் பதவுரை கூறி விளக்கியிருப்பின் யாது பயன்? சிவா அவ்வாறு செய்தாரல்லர். ருஷிய தேசத்து ஜனங்களின் கிளர்ச்சியை எடுத்துக்காட்டி, தொழிலாளர் வேலைநிறுத்தத்தையும் சுயராஜ்யத்தையும் ஒருங்கே இணைத்துப் பேசினார். கோஷம் அவர்தம் வயிற்றுக் கவலையோடு சேர்ந்தது. பிப்ரவரி 27இல் மில் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். மார்ச்சு முதல் வாரத்தில் கூலியுயர்வும், வேலைநேரக் குறைப்பும், ஞாயிறு விடுமுறையும் பெற்று மீண்டனர்.

அடுக்குமொழியே பிரசங்கம் என மயங்கும் நம் மாணாக்கர்க்கு யான் இவ்வரலாற்றை அடிக்கடி கூறுவதுண்டு. தேர்தற்காலத்தில் ஒலிபெருக்கி வண்டி ஒன்று நம் வீதியைக் கடக்குமுன் பத்துக் கோஷங்கள் எழுகின்றன. வண்டி அகன்றபின் அவற்றுள் ஒன்றேனும் நெஞ்சில் நிற்பதில்லை!

மார்ச்சு 12இல் இருவரும் சிறைப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியிற் கலகம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். மூட்டிய தீ எங்குப் பரவும் என்பதை மூட்டியவரும் அறியார் என்பதை நாம் மறைத்தல் நேர்மையன்று. எனினும், தலைவர்களைச் சிறையிலிட்ட சர்க்காரின் பொறுப்பே பெரிதென்பது என் துணிபு.

போலீசார் எழுதிவைத்த குறிப்புகளே வழக்கிற் சாட்சியமாயின. கடற்கரைக் காற்றிற் கலந்த சொற்கள் நியாயஸ்தலத்திற் குற்றமாகத் திரும்பிவந்தன. நீதிபதி பின்ஹே, சிவாவுக்குப் பத்தாண்டுத் தீவாந்தர தண்டனை விதித்தார். சிவாவுக்கு உடந்தையாயிருந்த குற்றத்துக்காகவும் பிள்ளையவர்களுக்குத் தனித்தண்டனை கிடைத்தது. பிறர் பேச்சுக்கும் தண்டனை பெற்ற நண்பரைப் பெறுதல் எளிதோ? மேல்முறையீட்டில் சிவாவின் தண்டனை ஆறாண்டாகக் குறைந்தது.

சிறையிலே அவரைத் தொழுநோய் பற்றியது. 1912 நவம்பரில் விடுதலையாகி வந்தவர், மறுவருடமே ஞானபாநு என்னும் மாதப்பத்திரிகையைத் தொடங்கினார். பாரதியாரும் அதில் எழுதினார். 1921இல் மீண்டும் இராஜத்துரோகக் குற்றம், மீண்டும் சிறை. பின்னர், நோயைக் காரணங்காட்டி, ரெயிலில் ஏறலாகாதெனத் தடுத்தனர். அவரோ வாய்மூடினாரில்லை. கட்டைவண்டியிலும், புண்பட்ட கால்களால் நடந்தும், ஊர்தோறும் சென்று பேசினார்.

தருமபுரிக்கு அருகே பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் ஒன்று நிறுவினார். ஆங்குப் பாரதமாதாவுக்குக் கோயில் எடுக்க விழைந்தார். 1923இல் தேசபந்து சித்தரஞ்சன் தாசர் அதற்கு அடிக்கல் நாட்டினார். கோயில் எழுமுன்னரே, 1925ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள், நாற்பத்தொரு வயது நிறையாத நிலையில், சிவா அவ்வாசிரமத்திலேயே உயிர் நீத்தார்.